தருமபுரி: 20 கிலோமீட்டர் ஆழத்துப் பாறையும், பல்லில் படிந்த காவியும்

ஓசூரிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். கிருஷ்ணகிரியைத் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் மொட்டைப் பாறைக் குன்றுகள். அடிவாரத்தில் மாந்தோப்பு, புளியமரம், நடுநடுவே கேழ்வரகுக் கொல்லை. செம்மண்ணில் முளைத்த முட்புதர்களுக்கு இடையே ஆடு மேய்க்கிறவர் ஒருவர். 'காய்ஞ்ச பூமிப்பா' என்று பக்கத்து சீட்டில் யாராவது சொல்வார்கள். அதற்குள் தருமபுரி வந்துவிடும். மொத்தம் ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை.

மண்ணியல் படித்தவர்களுக்கு அதே ஐம்பது கிலோமீட்டர் வேறொரு பயணம். அவர்கள் கணக்கில் அந்த பஸ் தெற்கே மட்டும் போகவில்லை, பூமிக்குள்ளே இறங்கிக்கொண்டும் இருக்கிறது.

எப்படி? அடுக்கி வைத்த புத்தகக் கட்டு ஒன்று ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூலைகளை ரம்பத்தால் சமமாக அறுத்துவிட்டால், வெட்டுமுகத்தில் ஒரு எறும்பு நடந்தே மேல் புத்தகத்திலிருந்து அடிப் புத்தகம் வரை போய்விடலாம். அது கீழே இறங்கவே வேண்டாம். தென்னிந்தியாவின் பழைய நிலத்தட்டு அப்படித்தான் சாய்ந்திருக்கிறது. தெற்குப் பக்கம் அதிகமாக உயர்ந்தது. உயர்ந்த பகுதியைக் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மழையும் காற்றும் ஆறுகளும் அரித்துத் தின்றுவிட்டன. அதனால் வடக்கே கிருஷ்ணகிரிப் பக்கம் கொஞ்சம் மேல்தட்டுப் பாறை, தெற்கே தருமபுரி, தொப்பூர் என்று போகப் போக இன்னும் ஆழத்துப் பாறை. தருமபுரி வட்டாரத்துக் கற்களில் உள்ள கனிமங்களைச் சோதித்தவர்கள், அவை உருவானபோது தலைக்கு மேலே ஏறத்தாழ 20 முதல் 25 கிலோமீட்டர் உயரத்துக்குப் பாறை அழுத்திக்கொண்டிருந்தது, சூடு 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வயது சுமார் 250 கோடி ஆண்டுகள்.

இதன் அருமை புரிய, ரஷ்யாவின் கோலா தீபகற்பத்துக்கு ஒரு நடை போய் வரலாம். பூமியின் ஆழத்தைப் பார்த்தே தீருவது என்று அங்கே 1970ல் துளை போட ஆரம்பித்தார்கள். 1989 வரை தோண்டியும் 12,262 மீட்டரோடு நின்றுபோனது. உள்ளே இருந்த சூடு அதற்கு மேல் போகவிடவில்லை. மனிதன் தோண்டிய மிக ஆழமான துளைகளில் ஒன்று அது. அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆழத்தில் பிறந்த கல், தருமபுரியில் டீக்கடைக்குப் பின்னால் கிடக்கிறது. அதன் மேல் துணி காயப்போடுகிறார்கள்.

கல்லறையில் கிடைத்த பெயர்

இந்த ஆழத்துக் கல்லுக்கு அறிவியல் வைத்திருக்கும் பெயர் சார்னோக்கைட். பெயர் வந்த கதை வேடிக்கையானது. கொல்கத்தா நகரை நிறுவியவர் என்று ஆங்கிலேயர்கள் கொண்டாடிய ஜாப் சார்னாக், 1690களின் தொடக்கத்தில் இறந்தார். அவருடைய கல்லறைக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து ஒரு கருங்கல் பலகை போனது. இருநூறு ஆண்டுகள் கழித்து, இந்திய மண்ணியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த தாமஸ் ஹாலண்ட், பல்லாவரம், பரங்கிமலைக் கற்களை ஆராய்ந்தார். கல்லறைப் பலகையும் அதே ரகம் என்று கண்டு, 1893ல் அந்தக் கல்லுக்குச் சார்னாக்கின் பெயரையே வைத்துவிட்டார். இன்று அண்டார்டிகாவில் அந்த ரகப் பாறை கிடைத்தாலும் பெயர் சார்னோக்கைட்தான். கல் தமிழ்நாட்டுடையது, பெயர் கல்லறைக்காரருடையது.

புதிதாக உடைத்த சார்னோக்கைட்டைக் கையில் எடுத்தால் எண்ணெய் தடவியதுபோல ஒரு கரும்பச்சை மினுமினுப்பு தெரியும். அதன் முக்கியமான குணம் ஒன்று கண்ணுக்குத் தெரியாது. அது உலர்ந்த கல்.

கல்லில் ஈரம் ஏது என்று தோன்றலாம். சாதாரண நைஸ் பாறையில் வரி வரியாகத் தெரியும் கறுப்புக் கனிமங்கள் உண்டு. கருமைக்கா, ஹார்ன்பிளெண்ட் என்று அவற்றுக்குப் பெயர். அவற்றின் கட்டமைப்புக்குள்ளேயே நீரின் கூறு பூட்டப்பட்டிருக்கும். அதிக ஆழத்தில், அதிகச் சூட்டில் அந்த நீர் வெளியேறிவிடும். மிஞ்சுவது நீரில்லாத பைராக்ஸீன் என்ற கனிமம். அப்படி நீர் போன பாறைதான் சார்னோக்கைட்.

தருமபுரிக்கு வடமேற்கே, கர்நாடகத்தின் கப்பால்துர்கா குன்றில் இந்த மாற்றம் பாதியில் நின்றுபோன நிலையில் இன்றும் இருக்கிறது. சாம்பல் நிற நைஸ் பாறையில் மை கொட்டியதுபோல அங்கங்கே கரும்பச்சைத் திட்டுகள். மைசூரைச் சேர்ந்த சி.எஸ்.பிச்சமுத்து 1960ல் இதை எழுதியபோது உலகம் திரும்பிப் பார்த்தது. பிறகு 1979ல் ஜனார்த்தன், நியூட்டன், ஸ்மித் ஆகிய மூவரும் ஆழத்திலிருந்து ஏறிவந்த கரியமில வாயுதான் நீரை விரட்டியது என்ற விளக்கத்தை முன்வைத்தார்கள். வாயுவா, உருகிய பாறைக் குழம்பா, உப்புநீரா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. கிருஷ்ணகிரி - தருமபுரிச் சாலையோரப் பாறைகளுக்கு வெளிநாட்டு ஆய்வாளர்கள் சுத்தியலோடு வந்துபோனதும் இந்தக் கேள்வியை வைத்துத்தான்.

நீர் போகும்போது எல்லாம் போய்விடவில்லை. ஒன்று தங்கிவிட்டது. அதுதான் இந்தக் கதையில் வில்லன். அதற்கு முன்னால் நிலத்தின் வறட்சியைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

மணல் இல்லாத பாலை

பாலைவனம் என்றால் ராஜஸ்தானின் மணல்மேடும் ஒட்டகமும்தான் கண்ணில் வரும். தமிழ் இலக்கியம் சொல்லும் பாலையில் மணல் முக்கியமே இல்லை. மலையும் காடும் வெயிலில் தம் இயல்பு கெட்டுத் திரிந்து நிற்கும் நிலைதான் பாலை என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. அதாவது குறிஞ்சியும் முல்லையும் காய்ந்தால் பாலை. சித்திரை மாதம் அரூரிலிருந்து ஊத்தங்கரை வரை ஒரு முறை டூவீலரில் போனவர்கள் இந்த விளக்கத்தை மறுக்கமாட்டார்கள். பாலை நிலத்து வீரர்களின் அடையாளமான நடுகற்கள், ஆநிரை மீட்கப் போய் மாண்டவர்களுக்காக நட்டவை, தமிழ்நாட்டில் அதிகம் கிடைத்த வட்டாரங்களில் பழைய தகடூர் நாடான தருமபுரியும் ஒன்று. எழுத்தும் உருவமும் வெட்ட வேண்டிய கல், கையெட்டும் தூரத்திலேயே கிடைத்தது.

ஆனால் பாறையின் வயது வேறு, வறட்சியின் வயது வேறு. பாறை 250 கோடி ஆண்டுப் பழசு. வறட்சி அதற்கு எத்தனையோ காலம் பிந்தியது. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்தது. அதையொட்டி மேற்குக் கரை விளிம்பு உயர்ந்து, மேற்குத் தொடர்ச்சி மலை உருவாகி நின்றது. தென்மேற்குப் பருவக்காற்றின் மழையில் பெரும்பங்கு அந்த மலையின் அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. தருமபுரிக்கு வருவது மிச்சம்.

மிச்சம் என்றாலும் ஆண்டுக்கு 800 மில்லிமீட்டருக்கு மேல். தார் பாலைவனத்தோடு ஒப்பிட்டால் இது செல்வம். பிறகு ஏன் இந்த ஊர் காய்கிறது? மழையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, தரையைத்தான் பார்க்க வேண்டும். தஞ்சாவூர் வண்டல் ஒரு ஸ்பாஞ்ச். தருமபுரிப் பாறை ஒரு கிரைண்டர் கல். அதன் உடம்பில் நீர் தங்கத் துளையே கிடையாது. மேலே சிதைந்து மக்கிய சில மீட்டர் படலத்திலும், அதற்குக் கீழே பாறை விரிசல்களிலும் மட்டும்தான் தண்ணீர் நிற்கும். மீதி மழை, பாறைச் சரிவில் வழிந்து ஓடைக்குப் போய்விடும். அதைப் பிடித்து நிறுத்தத்தான் முன்னோர் ஏரிகளை வெட்டினார்கள்.

கிணறு வற்றியதும் ஆழ்துளை வந்தது. 300 அடி, 500 அடி, பிறகு ஆயிரம் அடி. விரிசல் மாட்டினால் தண்ணீர், மாட்டாவிட்டால் வெறும் புழுதி; கடன் மட்டும் மிச்சம். ஒரே தோட்டத்தில் பத்தடி தள்ளிப் போட்ட இரண்டு போரில் ஒன்று கொட்டும், மற்றொன்று காயும். இது தெய்வச் செயலோ தேங்காய் பார்த்தவரின் திறமையோ இல்லை. விரிசல் எங்கே ஓடுகிறது என்பதுதான் விஷயம்.

வில்லன் வரும் வழி

பாறையிலிருந்து நீர் வெளியேறியபோது தங்கிவிட்டதாகச் சொன்னோமே, அதன் பெயர் ஃப்ளோரின். கருமைக்கா, ஹார்ன்பிளெண்ட் போன்ற கனிமங்களில் நீரின் கூறு உட்கார்ந்திருக்கும் அதே இடத்தில் ஃப்ளோரினும் உட்காரும். ஃப்ளோரின் உட்கார்ந்த மைக்கா அதிகச் சூட்டையும் தாங்கும். அதனால் நீர் கிளம்பினாலும் இது இடத்தை விடவில்லை.

பல கோடி ஆண்டுகள் கழித்து மேலே வந்த அந்தப் பாறையின் விரிசலில் இப்போது மழைநீர் இறங்குகிறது. வேகமாக ஓடுகிற நீர் என்றால் பிரச்னை இல்லை. இங்கே நீர் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பாறையோடு ஒட்டிக்கிடக்கிறது. மெல்ல மெல்ல காரத்தன்மை ஏறுகிறது. காரநீர் கனிமத்துக்குள் இருக்கும் ஃப்ளோரைடை வெளியே இழுக்கிறது. நீரில் சுண்ணாம்புச் சத்தான கால்சியம் தாராளமாக இருந்திருந்தால் ஃப்ளோரைடைப் பிடித்துக் கீழே படியவைத்துவிடும். வறண்ட நிலத்திலோ அந்தக் கால்சியம் முதலிலேயே சுக்கான் கல்லாக மண்ணில் உறைந்துவிடுகிறது. கிணறு வெட்டும்போது வெள்ளை வெள்ளையாக உருண்டை உருண்டையாக வருமே, அதுதான். கால்சியம் போனபின் ஃப்ளோரைடைத் தடுக்க ஆள் இல்லை.

குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரை ஃப்ளோரைடு இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இந்தியத் தர நிர்ணயம் 1 மில்லிகிராமோடு நிற்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 என்கிறது. பென்னாகரம், பாலக்கோடு உள்ளிட்ட பல பகுதிகளின் நிலத்தடி நீர் இந்த வரம்பைத் தாண்டியிருப்பதைப் பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. அந்த நீருக்கு நிறமில்லை, வாசமில்லை, ருசியிலும் கண்டுபிடிக்க முடியாது. இளநீர்போலத் தெளிவாக இருக்கும்.

முதலில் காட்டிக்கொடுப்பது பல். குழந்தைக்குப் பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும்போது அதில் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைக் கோடுகள், பிறகு மஞ்சள், பிறகு காவி. எத்தனை தேய்த்தாலும் போகாது. கறை பல்லின் மேல் படிந்ததில்லை, ஈறுக்குள் பல் உருவாகும்போதே எனாமலுக்குள் நுழைந்தது. பிறந்தது முதல் எட்டு வயது வரை குடித்த தண்ணீர்தான் அந்தப் பல்லின் ஜாதகம். வருடக்கணக்கில் அளவு மீறிக் குடித்தவர்களுக்கு மூட்டும் முதுகெலும்பும் இறுகிப்போகும். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற பெண்கள், பல்லைப் பார்த்துத் தட்டிப்போன கல்யாணப் பேச்சுகள் என்று இதன் வலி எக்ஸ்ரேயில் தெரியாத இடங்களிலும் உண்டு. வெற்றிலை, புகையிலைப் பழக்கம் என்று ஊர் நினைத்துக்கொண்ட பழியையும் சேர்த்துச் சுமந்தவர்கள் அவர்கள்.

உலகில் இந்தக் காவியை முதலில் தீவிரமாகத் துரத்தியவர் ஒரு பல் டாக்டர். அமெரிக்காவின் கொலராடோவில் 1901ல் தொழில் தொடங்கிய ஃப்ரெடரிக் மெக்கே, ஊர்ப் பிள்ளைகள் பலருக்கும் பல் பழுப்பாக இருப்பதைப் பார்த்தார். தண்ணீர்தான் காரணம் என்ற அவரது சந்தேகம் நிரூபணமாக முப்பது ஆண்டுகள் பிடித்தன. 1931ல்தான் ஃப்ளோரைடு என்று தெரிந்தது. ஆறே வருடத்தில், 1937ல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் எலும்பையே முடக்கும் நோய்க்கும் அதுதான் காரணம் என்று ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகிய மூவர் எழுதினார்கள். நெல்லூரும் இதே போன்ற பழைய பாறை நாடுதான்.

புகையும் கல்

தருமபுரிக்காரர்களுக்குத் தீர்வு வந்த இடம், சுற்றுலாவுக்குப் பேர்போன ஒகேனக்கல். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. புகையும் கல் என்று பொருள். காவிரி பீடபூமியை விட்டுப் பாறைப் பிளவுகளுக்குள் சரிந்து விழும்போது எழும் நீர்த்திவலைதான் புகை. பரிசலில் போகிறவர்கள் இரு பக்கமும் செங்குத்தாக நிற்கிற சுவரைப் பார்த்து வியப்பார்கள். ஆழத்துப் பாறையை ஆறே அறுத்துக் காட்டியிருக்கும் வெட்டுமுகம் அது.

ஒகேனக்கல் பாறை முழுக்கக் கார்பனடைட், உலகிலேயே பழையது என்று இணையத்தில் சுற்றும் செய்தியில் பாதிதான் சரி. சுவரில் பெரும்பாலும் இருப்பது சார்னோக்கைட் வகைதான். அதைக் கிழித்துக்கொண்டு ஏறிய பைராக்ஸினைட் என்ற கரும்பாறைக்குள் சிறு சிறு துண்டுகளாகத்தான் கார்பனடைட் இருக்கிறது. ஆனால் அதன் வயது சுமார் 240 கோடி ஆண்டுகள் என்பதும், உலகின் மிகப் பழைய கார்பனடைட்களில் அதுவும் ஒன்று என்பதும் உண்மை. சுண்ணாம்பு போன்ற பொருளே உருகிக் குழம்பாக ஓடி உறைந்தால் கிடைக்கும் அபூர்வப் பாறை இது. இன்று அப்படிப்பட்ட குழம்பைக் கக்கிக்கொண்டிருக்கும் எரிமலை உலகிலேயே ஒன்றுதான், தான்சானியாவில் இருக்கும் ஓல் டோய்ன்யோ லெங்காய். ஒகேனக்கல்லில் மீன் வறுவல் சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்திலேயே அதன் கொள்ளுத்தாத்தா இருக்கிறது.

பாறை கெடுத்ததை ஆறு சரிசெய்யும் என்பதுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் கணக்கு. குடகில் பிறந்து ஓடிவரும் காவிரி நீர், பாறை விரிசலுக்குள் வருடக்கணக்கில் அடைபட்டுக் கிடப்பதில்லை. அதனால் ஃப்ளோரைடு குறைவு. அந்த நீரைச் சுத்திகரித்து, மேடேற்றி, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் குழாயில் கொண்டுவருவது திட்டம். 2008ல் அடிக்கல் நாட்டினார்கள். கர்நாடகத்தில் கிளம்பிய எதிர்ப்பால் அந்த ஆண்டே பரபரப்பானது. ஜப்பானியப் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனோடு, 1,928 கோடி ரூபாய் மதிப்பீட்டில் முடித்து, 2013 மே மாதம் தொடங்கிவைத்தார்கள். திட்டத்தின் முழுப்பெயரிலேயே 'ஃப்ளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு' என்ற சொற்கள் உண்டு. தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்காக மட்டும் போட்ட குழாய் இல்லை அது.

சமையலறைக்கு வந்தால்

குழாய் வந்த பிறகும் வீட்டு வாசலில் பழைய போர் மோட்டார் இருக்கிறது. குழாயில் தண்ணீர் வராத நாளில் கை தானாக மோட்டார் ஸ்விட்சுக்குப் போகும். துணி துவைக்க, மாடு குளிப்பாட்ட அது போதும். சாம்பார் வைக்கவும் சோறு வடிக்கவும் அதையே ஊற்றும்போதுதான் சிக்கல். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு சாகாது. நீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட, மிஞ்சும் நீரில் அதன் அளவு கூடத்தான் செய்யும். துணியில் வடிகட்டுவதும் மண்பானையில் வைப்பதும் இந்த விஷயத்தில் உதவாது. ஆர்.ஓ. இயந்திரம் நீக்கும். படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து தெளியவைக்கும் 'நல்கொண்டா முறை' என்ற ஒன்றை நாக்பூரின் நீரி நிறுவனம் 1970களில் உருவாக்கியது. அளவு பிசகாமல் செய்ய வேண்டிய வேலை அது, வீட்டில் கண்ணளவாகச் செய்யக்கூடாது. எல்லாவற்றுக்கும் முதலில், போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்து அளவைத் தெரிந்துகொள்வது நல்லது. பக்கத்து வீட்டு ரிசல்ட்டை நம்ப முடியாது. விரிசல் வேறென்றால் தண்ணீரும் வேறு.

இந்த மண் சாப்பாட்டுத் தட்டில் கொஞ்சம் கருணையும் காட்டியிருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கால்சியம் உண்டு. உணவில் கால்சியம் இருந்தால் ஃப்ளோரைடு குடலில் உறிஞ்சப்படுவது குறையும். களியை விட்டு வெள்ளைச் சோற்றுக்கு மாறிய வீடுகள் இதை யோசிக்கலாம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் 2002ல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், புளி சேர்த்துச் சாப்பிட்ட சிறுவர்களின் சிறுநீரில் ஃப்ளோரைடு அதிகம் வெளியேறியது தெரியவந்தது. பதினெட்டே சிறுவர்களை வைத்து நடந்த ஆய்வு. அதனால் புளிக்குழம்பு மருந்தென்று ஆகிவிடாது. ஆனாலும் சாலையோரப் புளியமரங்களின் நிழலில் வளர்ந்த ஊருக்கு இது கேட்கக் கொஞ்சம் இதமான செய்தி.

காவிரித் தண்ணீர் வந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 2013க்குப் பிறகு பிறந்து, குழாய்த் தண்ணீரிலேயே வளர்ந்த பிள்ளைகள் இப்போது ஐந்தாவது, ஆறாவது படிக்கிறார்கள். முன்பற்கள் நான்கும் முளைத்து முடிந்துவிட்ட வயது. வகுப்பில் அவர்கள் வாய்விட்டுச் சிரிக்கும்போது பார்த்தாலே ஓரளவு சொல்லிவிடலாம், அந்த வீட்டு அடுப்படிக்குப் போனது காவிரியா, ஆயிரம் அடிக்குக் கீழிருந்து வந்த பாறைத் தண்ணீரா என்று.